கோபம் வந்தால் டச்சுக்காரர்களின் ஆங்கிலம் எங்கே போகிறது?

தறிக்காரன்:

வணக்கம். நெதர்லாந்தில் இருப்பவர்கள், இருந்துவிட்டு வந்தவர்கள், மொழியியல் படித்தவர்கள் யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

நான் ஐந்தோவனில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் பாதிக்கு மேல் டச்சுக்காரர்கள். மற்றவர்கள் இந்தியா, துருக்கி, இத்தாலி என்று பல பக்கத்திலிருந்து வந்தவர்கள். அலுவலக மொழி ஆங்கிலம். இவர்கள் ஆங்கிலத்தில் குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது, நக்கல், கிண்டல், சிலேடை எல்லாம் ஆங்கிலத்திலேயே செய்வார்கள். இது அவர்களுக்கு இரண்டாவது மொழி என்பதே பல நேரம் மறந்துபோகும்.

ஆனால் பேச்சில் சூடு ஏறினால் கதை மாறிவிடுகிறது. சமீபத்தில் ஒரு கூட்டத்தில் சோதனை அறிக்கை தாமதமானது பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர், ஐம்பது வயது தாண்டியவர், பொதுவாக மிகவும் பொறுமைசாலி. கேட்டுக்கொண்டே இருந்தவருக்கு முதலில் காது மடல் சிவந்தது, அப்புறம் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு "யா, மார்..." என்று ஆரம்பித்து, பக்கத்திலிருந்த டச்சுக்காரரைப் பார்த்து நாலைந்து வாக்கியம் டச்சிலேயே பொரிந்து தள்ளினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "திஸ் இஸ் நாட் பாசிபிள். யூ மஸ்ட் டூ திஸ் அகெய்ன்." அவ்வளவுதான். எப்போதும் "வுட் யூ மைண்ட்", "மே பி வீ குட்" என்று பேசும் மனிதர். கொஞ்ச நேரம் கழித்து காபி இயந்திரத்தின் பக்கத்தில் பார்த்தால் பழையபடி அழகான ஆங்கிலம், வார இறுதியில் சைக்கிளில் எங்கே போகலாம் என்று எனக்கு யோசனை வேறு சொல்கிறார்.

இன்னொன்றும் புரியவில்லை. இதே ஆட்கள் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் திட்டிக்கொள்கிறார்கள். கம்பைல் ஆகவில்லையா, "ஷிட்". மெயில் தப்பான ஆளுக்குப் போய்விட்டதா, அந்த நாலெழுத்து எஃப் வார்த்தை, அதுவும் மேலாளர் முன்னாலேயே, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சின்ன எரிச்சலுக்கு ஆங்கிலம், நிஜக் கோபத்துக்கு டச்சு என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா?

எங்களை வேண்டுமென்றே வெளியே நிறுத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதா, தானாக வருவது என்று விட்டுவிடுவதா? துருக்கி நண்பர் முதல் கட்சி. எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை.

---

கரையோரம்:

தம்பி, நான் டென் ஹாக்கில் பல வருடமாக இருக்கிறேன், டச்சும் ஓரளவு நன்றாகவே பேசுவேன். முதலில் ஒன்று, அதை ஒதுக்குதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒதுக்க நினைக்கிற டச்சுக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார், மொழிக்குப் பின்னால் ஒளிய மாட்டார்.

இவர்களுக்கு ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1986-லிருந்து ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சிகளைத் தவிர மற்ற வெளிநாட்டுத் தொடர்கள், படங்கள் எல்லாம் மூலமொழியிலேயே ஓடும், கீழே டச்சு வரிகள் வரும். அதனால் சின்ன வயதிலிருந்தே ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த கணக்கில் நெதர்லாந்தில் பத்தில் ஒன்பது பேர் ஆங்கிலத்தில் உரையாட முடியும் என்று சொன்னார்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

ஆனால் அந்த ஆங்கிலம் திரையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வந்தது. அம்மா அடிக்கக் கை ஓங்கியபோது வந்த மொழி டச்சு. அண்ணன் தம்பி சண்டை டச்சு. முதல் காதல் முறிந்து அழுதது டச்சில். கோபமும் அழுகையும் பழகிய இடம் அங்கே இருப்பதால், அவை வரும்போது அந்த மொழியையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. ஐந்தோவன் என்கிறீர்கள், உங்கள் மூத்த பொறியாளர் அந்த ஊர் இருக்கிற பிராபன்ட் மாகாணத்துக்காரராக இருந்தால் அவருக்கு வந்தது சுத்த டச்சாகக்கூட இருந்திருக்காது, ஊர்ப் பேச்சாக இருந்திருக்கும். லிம்பர்க்காரர்களிடமும் ஃப்ரீஸ்லாந்துக்காரர்களிடமும் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம், அவர்களில் பலருக்கு டச்சே வீட்டுக்கு வெளியே உள்ள மொழி.

அந்த "யூ மஸ்ட் டூ திஸ் அகெய்ன்" பற்றி ஒரு வார்த்தை. டச்சில் ஒருவரிடம் ஒரு வேலை சொல்லும்போது நடுவில் குட்டிக் குட்டிச் சொற்களைத் தூவுவார்கள்: ஏவன், மார், ஹோர், தொஹ். நாம் "கொஞ்சம் பாருங்களேன்", "வாங்களேன்" என்று இழுக்கிறோமே, அந்த வேலையைத்தான் அவை செய்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றுக்கு நேரான இடம் கிடையாது, அதற்குப் பதிலாக "வுட் யூ மைண்ட்" என்று வாக்கியத்தையே வேறு மாதிரி கட்ட வேண்டும். நிதானமாக இருக்கும்போது அதைச் செய்துவிடுவார்கள். கோபத்தில் டச்சு வாக்கியம் அப்படியே ஆங்கிலத்துக்கு வருகிறது, ஆனால் தூவல் உதிர்ந்துபோய் வருகிறது. கேட்கிறவருக்கு உத்தரவு போட்டதுபோல் இருக்கும். சொன்னவருக்கோ தான் வழக்கமான அளவு மரியாதையோடுதான் பேசினோம் என்ற நினைப்பு. எத்தனை அலுவலகச் சண்டை இதில் தொடங்கியிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

---

அரசமரத்தடி:

நம் ஊர் அலுவலகங்களில் நடப்பது நேர்தலைகீழ் என்று நினைக்கிறேன், கோபம் வந்தால் பலர் ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். அதனால் "உணர்ச்சி வந்தால் தாய்மொழி" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நைமேகன் மாணவி:

நல்ல கேள்வி, இதை விட்டுப் போக மனம் வரவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் படிப்பது உளமொழியியல், அதாவது மனதுக்குள் மொழி எப்படி இயங்குகிறது என்ற படிப்பு, அதுவும் நெதர்லாந்தில் நைமேகனிலேயே. மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது, மனிதன் பேசும்போது தலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு அங்கிருந்த ஆய்வாளர் லெவெல்ட் 1989-ல் கொடுத்த மாதிரியைத்தான் இன்றும் பாடமாக முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இரண்டு மொழி தெரிந்தவர் ஒரு மொழியில் பேசும்போது மற்றது அணைந்துவிடுவதில்லை. இரண்டும் விழித்துத்தான் இருக்கின்றன, ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இன்னொன்றைப் பேசுகிறோம் என்பது 1998-ல் டேவிட் கிரீன் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து. அப்படி அழுத்திப் பிடிக்கவும் கவனம் செலவாகிறது, தான் பேசுவதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளவும் செலவாகிறது. கோபத்தில், பயத்தில் கவனம் வேறு எங்கோ ஓடிவிடும். அப்போது முதலில் நழுவுவது என்ன என்று ஊகிக்க டச்சுக்காரர்களை வைத்தே செய்த ஓர் ஆய்வு உதவுகிறது. நைமேகனில் பூலிசேயும் பொங்கார்ட்ஸும் 1994-ல் வெளியிட்டது. டச்சு மாணவர்கள் ஆங்கிலம் பேசும்போது தெரியாமல் டச்சுக்கு நழுவிய இடங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரிய பெயர்ச்சொற்களைவிட "ஆனால்", "அப்புறம்" போன்ற சின்ன இணைப்புச் சொற்களும், தன்னையே திருத்திக்கொள்ளும்போது வாயில் வரும் சொற்களும்தான் அதிகம் நழுவின. ஆங்கிலம் நன்றாக வந்தவர்களுக்கு நழுவல் குறைவு. அது உணர்ச்சி பற்றிய ஆய்வு இல்லை, அதை உங்கள் கூட்டத்தோடு சேர்ப்பது நான். ஆனால் உங்கள் பொறியாளர் எந்தச் சொல்லில் தொடங்கினார் பாருங்கள், "யா, மார்", அதாவது "ஆமாம், ஆனால்". கதவு அங்கேதான் திறந்தது.

அடுத்து உங்கள் திட்டு வார்த்தைக் கேள்வி. இதற்கு ரோட்டர்டாமில் செய்த இரண்டு ஆய்வுகள் அருமையான பதில் தருகின்றன. புன்டோனி, டி லாங்ஹே, வான் ஓசலேர் என்ற மூவர் 2009-ல் விளம்பர வாசகங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாசகம் தாய்மொழியில் இருந்தால் மனதை அதிகம் தொடுகிறது, பின்னால் கற்ற மொழியில் இருந்தால் குறைவாகத் தொடுகிறது. அவர்கள் சொன்ன காரணம், ஒரு சொல்லை வாழ்க்கையில் எத்தனை சந்தர்ப்பங்களில் கேட்டோம், அனுபவித்தோம் என்பதுதான் அதன் எடை, அந்த அனுபவம் தாய்மொழிச் சொல்லுக்குத்தான் அதிகம். 2011-ல் இதே குழு, இன்னொருவரும் சேர்ந்து, கேள்வித்தாள்களைப் பார்த்தது. "பிடிக்கும்" முதல் "வெறுக்கிறேன்" வரை அளவுகோல் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால், ஆங்கிலத்தில் பதில் சொன்ன டச்சுக்காரர்கள் டச்சில் சொன்னவர்களைவிட அதிகத் தீவிரமான பக்கம் போனார்கள். உணர்ச்சி கூடியதால் இல்லை. ஆங்கிலச் சொல் அவர்களுக்கு லேசாக இருந்ததால் அதைத் தொடக் கை கூசவில்லை.

இதை அப்படியே உங்கள் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். "ஐ ஹேட் திஸ் டிசைன்" என்று ஒரு டச்சுக்காரர் சொன்னால் அவர் மனதில் இருப்பது அந்த ஆங்கிலச் சொல் உங்களுக்குத் தரும் எடை இல்லை. நாம் ஆங்கிலவழிப் பள்ளியில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள், நமக்கு அது வேறு எடை. எஃப் வார்த்தையும் இப்படித்தான். அவர்கள் காதில் அது படத்தில் கேட்ட சத்தம்.

அரசமரத்தடி கேட்டதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ழான்-மார்க் தெவால என்ற பெல்ஜியக்காரர், லண்டனில் பேராசிரியராக இருந்தவர், பாவ்லென்கோ என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2001 முதல் 2003 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் இணையம் வழியாகக் கேள்வி கேட்டார். கோபத்துக்கும் வசைக்கும் முதல்மொழியே பலருக்கு முதல் தேர்வு, முதல்மொழி வசைதான் அதிகம் சுடுகிறது. ஆனால் பின்னால் கற்ற மொழியில் குடும்பம் நடத்தியவர்கள், அந்த மொழியிலேயே காதலித்துச் சண்டை போட்டவர்கள் என்றால் அதுவும் காலப்போக்கில் சூடேறிவிடுகிறது. நம் ஊரில் ஆங்கிலம் அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்ட மொழி, கோபத்தில் அதைக் கையில் எடுப்பதற்கு ஒரு சமூகக் காரணம் இருக்கிறது. டச்சுக்காரர்களுக்கு ஆங்கிலம் தங்கள் நாட்டுக்குள் ஒருவரை அடக்கி வைக்கும் மொழியாக இருந்ததில்லை. அதனால் தலைகீழ்.

---

வேகத்தடம்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் "உணர்ச்சி மிகுந்தால் டச்சு" என்று அடித்துச் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு உதாரணம் தருகிறேன், இரண்டுமே பொதுவெளியில் நடந்தவை.

முதலாவது, ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். பெல்ஜியத்தில் ஹாசெல்ட்டில் பிறந்து டச்சு பேசி வளர்ந்தவர். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது அவருக்கு வருகிற ஆத்திரம் உலகத்துக்கே கேட்கிறது, அணி ரேடியோ வழியாக. அத்தனையும் ஆங்கிலம். அதைவிடக் கோபம் வர ஒரு மனிதனுக்கு வேறு இடம் வேண்டுமா? 2021 டிசம்பரில் அபுதாபியில் கடைசிச் சுற்றில் முதல் உலகப் பட்டம் வென்றபோது தலைக்கவசத்துக்குள் கத்தியதும் ஆங்கிலத்தில்தான். ஏன்? கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய பொறியாளரும் அணியும். இத்தனை வருடமாக அந்த ரேடியோவில் அவர் பேசியது ஆங்கிலம். உடம்பு அந்த இருக்கையில் உட்கார்ந்தால் ஆங்கிலம் வந்துவிடுகிறது. யாரிடம் பேசுகிறோம், எந்த இடத்தில் பேசுகிறோம் என்பது உணர்ச்சியைவிட வலுவாக இழுக்கிறது என்கிறேன் நான்.

2024 செப்டம்பரில் சிங்கப்பூர் செய்தியாளர் கூட்டத்தில் தன் காரைப் பற்றி அந்த எஃப் வார்த்தையைச் சொன்னதற்காக கார் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ அவருக்குப் பொதுச்சேவைத் தண்டனை கொடுத்தது, டிசம்பரில் ருவாண்டாவின் கிகாலியில் அதை முடித்தார். நைமேகன் மாணவி சொன்ன எடை விஷயம் இங்கே அச்சு அசலாகப் பொருந்துகிறது. அவர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை, கார் சரியில்லை என்று சாதாரணமாகச் சொன்ன வாக்கியத்தில் அந்தச் சொல் வந்து விழுந்தது. உங்கள் அலுவலகத்தில் மெயில் தப்பாகப் போனபோது விழுகிறதே, அதே மாதிரி.

இரண்டாவது, ஃபிரான்ஸ் டிம்மர்மன்ஸ். 2014 ஜூலை 17-ல் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள், அவர்களில் 196 பேர் டச்சுக்காரர்கள். நாலு நாள் கழித்து நெதர்லாந்தின் அன்றைய வெளியுறவு அமைச்சராக டிம்மர்மன்ஸ் நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் பேசினார், ஆங்கிலத்தில். கடைசி நொடிகளில் அந்தப் பயணிகள் அன்புக்குரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்களா, பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்களா என்று அவர் கேட்ட இடத்தை இன்று பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு நாட்டின் துக்கம் முழுக்க அந்த நாட்டின் மொழி இல்லாத ஒரு மொழியில் வந்தது. அதில் எடை குறைந்ததாக யார் சொல்ல முடியும்?

---

நைமேகன் மாணவி:

வேகத்தடம், இரண்டும் நல்ல உதாரணம். ஆனால் இரண்டாவதில் ஒன்றைப் பிரிக்க வேண்டும். அது தயார் செய்து எழுதி வைத்துப் படித்த உரை. தறிக்காரன் கேட்பது முன்தயாரிப்பில்லாத உரையாடலைப் பற்றி. எழுதி வைத்திருந்தால் எந்த மொழியிலும் துக்கத்தைச் சொல்லலாம், மொழியைத் தேர்ந்தெடுக்கும் வேலை அமைதியான நேரத்திலேயே முடிந்துவிட்டது. அதே டிம்மர்மன்ஸ் அதே வருடம் அக்டோபரில் டச்சுத் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில், பயணி ஒருவர் ஆக்சிஜன் முகமூடியோடு கண்டெடுக்கப்பட்டார் என்ற செய்தியை வாய்தவறிச் சொல்லி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அதிர்ச்சியாகி, மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. தாய்மொழியில், நேரடி உரையாடலில், உணர்ச்சி பொங்கும்போது கடிவாளம் எவ்வளவு தளரும் என்பதற்கு அதையும் கூடவே வைத்துப் பாருங்கள்.

வெர்ஸ்டாப்பன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். பழக்கமும் கேட்பவரும் பெரிய விசை. தெவாலவின் முடிவுகளும் அதைத்தான் சொல்கின்றன, ஒரு மொழியை அடிக்கடி எந்தச் சூழலில் பயன்படுத்துகிறீர்களோ அந்தச் சூழலின் உணர்ச்சி அதில் ஏறிவிடும். அவருக்கு ஓட்டுநர் இருக்கைக் கோபத்தின் மொழி ஆங்கிலமாகவே வளர்ந்துவிட்டது.

அப்படிப் பார்த்தால் தறிக்காரனின் பொறியாளர் யாரைப் பார்த்துத் திரும்பினார் என்பதுதான் முக்கியம். பக்கத்தில் ஒரு டச்சுக்காரர் உட்கார்ந்திருந்தார். அறையில் அவர் ஒருவர் மட்டும் டச்சுக்காரராக இருந்திருந்தால், "சரி, பாருங்க" என்பதுபோல ஒரு டச்சு "நௌ" மட்டும் வந்திருக்கும், மிச்சமெல்லாம் முரட்டு ஆங்கிலமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

---

கோப்பாய் நிலா:

எல்லாருடைய பதிலையும் வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து சின்னனிலேயே அம்மா அப்பாவோடு நெதர்லாந்துக்கு வந்தவள். பள்ளிக்கூடம், சிநேகிதிகள், வேலை எல்லாம் டச்சு. அம்மாவோடு தமிழ். இப்ப ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன். உள்ளே இருந்து பார்க்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களுக்கு டச்சில் திட்டுவது என்றால் நோயை வைத்துத்தான் திட்டுவது. காசநோய், காலரா, டைஃபஸ் எல்லாம் டச்சு வசையில் இருக்கு. புற்றுநோயின் பெயரைச் சொல்லித் திட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெடியன் அதைச் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும், ஏனென்றால் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் யாரோ அந்த நோயில் படுத்திருப்பார்கள். நான் வேலை செய்கிற இடத்தில் அந்தச் சொல்லைக் கோபத்தில் கேட்பதைப்போல வேறு எதுவும் என்னைக் குத்தாது. ஆங்கிலச் சொற்களுக்கு அந்தக் கதை எதுவும் கிடையாது. அதனால் ஒரு டச்சுக்காரர் ஆங்கிலத்தில் திட்டினால் உண்மையில் தன்னை அடக்கிக்கொண்டு திட்டுகிறார் என்றுதான் நான் விளங்கிக்கொள்வேன். தறிக்காரன் அண்ணா, உங்கட பொறியாளர் டச்சில் என்ன சொன்னார் என்று தெரியாது, ஆனால் அவர் அந்த நோய்ச் சொல்லைச் சொல்லியிருந்தால் பக்கத்திலிருந்த டச்சுக்காரரின் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லவில்லை. உணர்ச்சி பேசுவதை மட்டும் குழப்புவதில்லை, கேட்பதையும் குழப்பும். எங்கட வார்டில் வெளிநாட்டு வைத்தியர்கள் சிலர் பயிற்சிக்கு வருவார்கள், டச்சு போதாவிட்டால் குடும்பத்தோடு ஆங்கிலத்தில் கதைப்பார்கள், குடும்பமும் பிரச்சினை இல்லை என்று சொல்லும். ஒருமுறை ஒரு தாய், நல்ல படித்த பெண், பகல் முழுக்க அந்த வைத்தியரோடு ஆங்கிலத்தில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். பின்னேரம் மகனுக்கு உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னார், மெதுவாக, எளிய ஆங்கிலத்தில். அந்தப் பெண் தலையாட்டினார். கணவரைப் பார்த்து டச்சில் ஏதோ கேட்டார். அப்புறம் வைத்தியரைப் பார்த்து ஆங்கிலத்தில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வைத்தியர் சொன்னார். திரும்பவும் அதையே கேட்டார், சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். கை கட்டில் கம்பியைப் பிடித்தபடி இருந்தது, விரல் நுனி வெள்ளையாகிப் போயிருந்தது. நான் பக்கத்தில் போய் டச்சில் ஒருக்கால் சொன்னேன். அப்பதான் அவருக்கு அழுகை வந்தது. அதற்கு முன் அந்தச் செய்தி அவருக்குள் போய்ச் சேரவே இல்லை.

அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. அந்த நேரத்தில் அது உதவவில்லை, அவ்வளவுதான். இப்ப நான் செய்வது என்னவென்றால், பாரமான செய்தி சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே போய் நின்றுகொள்வேன். குடும்பம் "ஆங்கிலம் பரவாயில்லை" என்று சொன்னாலும் நிற்பேன்.

---

தறிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கோப்பாய் நிலா எழுதியதைத் துருக்கி நண்பருக்குச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஒதுக்கவில்லை என்பது எனக்கு இப்போது தெளிவு. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காரணம் எதுவானாலும், அந்த நாலைந்து வாக்கியத்தில் என்ன முடிவானது என்று எங்களுக்குத் தெரியாது. சண்டையின் முக்கியமான பகுதியே அங்கேதான் நடக்கிறது. அது அவர்களுக்கு இயல்பு என்பதால் நாங்கள் இருட்டில் இருப்பது நியாயமாகிவிடுமா? நாங்களும் எங்களுடைய கோபத்தை இரண்டாவது மொழியில்தான் காட்ட வேண்டியிருக்கிறது, எங்களுக்கு அந்த அறையில் தமிழுக்குத் தாவ வழியில்லை. இதற்கு நடைமுறையில் என்ன செய்யலாம்?

---

கரையோரம்:

நியாயமில்லை, அதைத் தெளிவாகவே சொல்கிறேன். அலுவலக மொழி ஆங்கிலம் என்று அவர்களே வைத்திருக்கிறார்கள். டச்சில் தாவியது தவறில்லை, திரும்பி வந்து என்ன பேசினோம் என்று சொல்லாமல் விட்டதுதான் தவறு. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

எப்படிக் கேட்பது என்றால், நேராகவே கேளுங்கள். இங்கே சுற்றி வளைத்தால் புரியாது. "நீங்கள் டச்சில் பேசியதில் எங்கள் வேலையைப் பாதிக்கிற விஷயம் ஏதாவது இருந்ததா, இருந்தால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று எல்லார் முன்னிலையிலும், சாதாரணக் குரலில். பெரும்பாலானவர்கள் உடனே சங்கடப்பட்டுச் சொல்லிவிடுவார்கள், தாங்கள் தாவியதே பலருக்குத் தெரிந்திருக்காது. முகம் சுளிக்காமல் கேட்பதுதான் முக்கியம்.

அப்புறம் டச்சு கற்றுக்கொள்ளுங்கள். கடைக்கும் நகராட்சி அலுவலகத்துக்கும் தேவை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்தோவனில் ஆங்கிலத்தை வைத்தே பல வருடம் ஓட்டிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்த மனிதர்கள் துக்கப்படுவதும் சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் டச்சில். நீங்கள் திருத்தமாகப் பேச வேண்டியதுகூட இல்லை, கேட்டுப் புரிந்தாலே போதும். கோபத்தில் தாவுகிற அந்த நாலு வாக்கியம் பெரும்பாலும் எளிய டச்சுதான், கோபத்தில் யாரும் கடினமான சொல் தேட மாட்டார்கள்.

---

கோப்பாய் நிலா:

கரையோரம் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். அந்த நிமிடத்திலேயே கேட்க வேண்டாம். காது சிவந்திருக்கிற ஆளிடம் ஆங்கிலத்தில் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டால் மறுபடி அந்த "யூ மஸ்ட்"தான் வரும், அதைக் கேட்டு உங்களுக்கும் கோபம் வரும். ஒரு காபி நேரம் விட்டுக் கேளுங்கள், அண்ணாவே எழுதியிருக்கிறீர்கள், அங்கே அவருடைய ஆங்கிலம் திரும்பி வந்துவிடுகிறது என்று. இல்லாவிட்டால் கூட்டம் முடிந்த கையோடு எழுத்தில் கேளுங்கள். எழுதும்போது அவருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும், "வுட் யூ மைண்ட்" எல்லாம் தானாக வரும்.

உங்கட துருக்கி நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தனியாகக் கேட்டால் உங்கட பிரச்சினை, இரண்டு பேராகக் கேட்டால் அது குழுவின் பிரச்சினை.